கணக்குக் கேட்கும் தூரம்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாமனார் ஊருக்குக் கிளம்புகிறார். மீனவர் குலத் தலைவர் ஒருவரின் மகளாகப் பிறந்த பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்பது அந்தக் கோயிலின் தலபுராணம். ஆகவே திருமலைராயன்பட்டினத்தின் கடற்கரையான பட்டினச்சேரியில் அவர் மாப்பிள்ளைச் சாமி. மீனவர்கள் அவரைப் பவழக்கால் சப்பரத்தில் எழுந்தருளச் செய்து, 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூவியபடி தோளில் சுமந்து கடலுக்குத் தீர்த்தவாரிக்கு அழைத்துப்போகிறார்கள். வைணவ திவ்யதேசம் ஒன்றின் பெருமாளைக் கடற்கரைக் குப்பம் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறது. பெண் கொடுத்தவர்களுக்கு உள்ள உரிமை அது. மாப்பிள்ளையிடம் நேரில் நின்று கேட்கலாம், வருந்தலாம், கோபிக்கவும் செய்யலாம்.

அந்த வரவேற்பில் முன்னே நிற்பவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத பதவி அவர்களுடையது. ஆனால் யார் எப்போது கடலுக்குப் போவது, எந்த வலை கூடாது, இரண்டு வீட்டுச் சண்டையை எங்கே பேசித் தீர்ப்பது, நிவாரணப் பொருள் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் இக்கரையில் நெடுங்காலமாக முடிவுசெய்து வந்திருப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குப் பக்கத்தில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரி இருக்கிறார். தெற்கே நாகூரை ஒட்டிய கீழவாஞ்சூரில் ஒரு தனியார் துறைமுகம் இருக்கிறது. ஊருக்குள் அரசுச் சட்டப்படியான உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தின் அலுவலகமும் இருக்கிறது. இந்த நான்கில் எது உண்மையில் இந்தக் கரையை ஆளுகிறது? விடை தேட ஓர் அளவுகோல் வேண்டும். ஊரார் ஒருவர் எழுந்து நடந்துபோய்க் கணக்குக் கேட்க எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்பதையே நான் அளவாக வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கரை அடங்கிய காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்த சிறிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. கடற்கரை சுமார் 20 கிலோமீட்டர். காவிரியின் கடைசிக் கிளைகளான நண்டலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு எல்லாம் இந்தச் சிறு கரையில்தான் கடலைத் தேடி வருகின்றன. வடக்கே மண்டபத்தூரிலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை 11 மீனவ கிராமங்கள். பட்டினச்சேரி அவற்றில் தென்பக்கத்து ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட திருமலைராயன் பெயரில் அமைந்தது பட்டினம். அவன் சபையில் அவமதிக்கப்பட்ட கவி காளமேகம் இவ்வூர் மண்மூடிப் போகச் சாபமிட்டதாகக் கதை. கதை எப்படியாயினும், ஒரு தலைவனிடம் நியாயம் கிடைக்காதவர் வேறென்ன செய்யமுடியும் என்ற கேள்வி இந்த ஊருக்குப் பழைய கேள்விதான் என்பதை அது காட்டுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் காரைக்காலைப் பெற்றார்கள். திருமலைராயன்பட்டினத்தை அவர்கள் 'கிராந்த் அல்தே', பெரிய கிராமம், என்று அழைத்தார்கள். 1880ஆம் ஆண்டு ஆணை தேர்ந்தெடுக்கப்படும் நகராட்சி மன்றங்களை அமைத்தபோது கிராந்த் அல்தேவும் ஒரு கொம்யூன் ஆயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவில் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வந்தது 1882இல். அதாவது அந்தத் தீர்மானத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே இவ்வூருக்கு மன்றம் கிடைத்துவிட்டது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பின்னரும் கொம்யூன் என்ற சொல் போகவில்லை. 1973ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் அதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டது.

பெயர் நிலைத்த அளவுக்குத் தேர்தல் நிலைக்கவில்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006இல். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, இடஒதுக்கீடு குறித்த வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. பிரெஞ்சு ஆட்சியில் முதலில் வாக்களித்த ஊர்களில் ஒன்றின் கதை இது. 1992இன் 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தேர்தல் என்று சொன்ன பிறகும் இதுதான் நிலை. தெருவிளக்கும் குப்பையும் கொம்யூன் ஆணையரின் பொறுப்பு. ஆணையர் மாற்றலாகிப் போகிற அதிகாரி. ஊராரிடம் வாக்குக் கேட்டு வந்தவர் அல்லர்.

இந்த வெற்றிடத்தில்தான் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்க்கவேண்டும். பட்டினவர் சமூகம் வாழும் சோழமண்டலக் கரை நெடுகிலும் இந்த அமைப்பு உண்டு. முன்பு நாட்டார், செட்டியார் என்ற பட்டங்கள் குடும்பவழி வந்தன. இப்போது பெரும்பாலான ஊர்களில் ஊர்க்கூட்டம் கூடிப் பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுக்கிறது, பிடிக்காவிட்டால் மாற்றுகிறது. திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவர் வரி கொடுக்கவேண்டும், கூட்டத்தில் பேசலாம், ஊருக்கு வருவதில் பங்கு பெறலாம். கடலில் பிடிபடுவதில் ஒரு பகுதியும், தெண்டமாக வரும் பணமும் ஊர்ப்பணம். அதிலிருந்துதான் மாரியம்மன் திருவிழா, கோயில் திருப்பணி, வழக்குச் செலவு, காணாமல்போன படகைத் தேடப் போகும் டீசல் எல்லாம். திருவிழா முடிந்து கூட்டம் கூடும்போது வரவுசெலவு வாசிக்கப்படும். சந்தேகம் வந்தால் அங்கேயே எழுந்து கேட்பார்கள். குரல் உயரும், பழைய பகைகள் வெளிவரும், சில சமயம் பஞ்சாயத்தே கலையும்.

டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பவிங்க் 2001இல் வெளியிட்ட சோழமண்டல மீன்பிடி பற்றிய நூல் இந்த அமைப்பை உலக ஆய்வுலகத்துக்குக் கொண்டுபோனது. ஊருக்கு நேரே உள்ள கடல் அந்த ஊரின் பொறுப்பு என்பது இங்குள்ள அடிப்படை எண்ணம். மற்றவர் வந்து மீன் பிடிக்கலாம், ஆனால் அந்த ஊர் வகுத்த கட்டுப்பாட்டுக்கு அடங்கித்தான். ஒரு புதிய வலை வந்தால் ஊர் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. மீனுக்குக் கேடா? மற்ற வலைக்காரருக்குக் கேடா? ஊருக்கே கேடா? மீன்வளத் துறை விஞ்ஞானி முதல் கேள்வியோடு நின்றுவிடுவார். பின்னிரண்டையும் சேர்த்துக் கேட்பதில்தான் ஊரின் அறிவு இருக்கிறது. நான்கு பேர் நிறையப் பிடித்து நானூறு பேர் வெறும் வலையோடு திரும்பினால், கடலில் மீன் குறையாவிட்டாலும் ஊர் குலைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26இன் சுனாமி இந்த அமைப்பைச் சோதித்தது. காரைக்கால் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடற்கரை ஊர்களே பெரும்பாலும் அடிபட்டவை. முதல் நாள்களில் பிணங்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்தது முதல், முகாமில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எழுதியது வரை பஞ்சாயத்தார் கையில்தான் நடந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து பொருளும் பணமும் படகும் வந்து குவிந்தன. வந்தது எதுவானாலும் முதலில் ஊருக்கு, பின் தலைக்கட்டுக்குச் சமமாக என்பது விதி. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்தாருக்கு இது புரியவில்லை. 'தேவை உள்ளவருக்கு மட்டும்' என்று அவர்கள் கேட்டார்கள். 'இன்று அவனுக்கு, நாளை எனக்கு. கடலில் எவன் படகு கவிழ்ந்தாலும் ஊரே போகவேண்டும்' என்ற கணக்கில் ஊர் பதில் சொன்னது. சமமாகப் பிரிப்பதே பகை வராமல் காக்கும் வழி என்ற அந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே தலைக்கட்டுக் கணக்கு ஒரு கொடுமையும் செய்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண் தலைக்கட்டு அல்ல. பல ஊர்களில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள், அல்லது அரைப் பங்கோடு திரும்பினார்கள். கடலோரத்தை ஒட்டிக் குடியிருந்து, கழிமுகத்தில் நண்டும் இறாலும் தடவி, மீன் இறக்கும் கூலிக்குப் போன தலித் குடும்பங்களும் மீனவர் பட்டியலில் வரவில்லை. சுனாமிக்குப் பின் வந்த ஆய்வுகள் இவற்றை விரிவாகவே பதிவுசெய்திருக்கின்றன. கணக்குக் கேட்கும் தூரம் குறைவு என்று நான் சொன்னது, எழுந்து நின்று கேட்க உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதே தெருவில் வாழும் பெண்ணுக்கு அந்தக் கூட்டம் நடக்கும் கோயில் மண்டபம் மிகத் தொலைவில் இருக்கிறது.

இத்தனைக்கும் கரையின் பணம் பெண்கள் கையில்தான் புரள்கிறது. கடலில் பிடிப்பது ஆண், கரையில் விற்பது பெண். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு, நிரவி, நாகூர், காரைக்கால் என்று தெருத்தெருவாகப் போகிறவள் ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கத்தை யாரையும் விட நன்றாக அறிந்தவள். படகுக்கு வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுவதும், மகளின் பள்ளிக் கட்டணத்தைப் புரட்டுவதும் அவள்தான்.

அடுத்தவர் வியாபாரி. ஒரு ஃபைபர் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வலையும் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். வங்கி தயங்குகிறது. கடல் ஈட்டுப் பத்திரமாக எழுதித் தரக்கூடியதல்ல. ஏலக்காரர் தயங்குவதில்லை. முன்பணம் கொடுக்கிறார், பெரும்பாலும் வட்டி பேசாமல். அதற்குப் பதில் படகு கரை சேரும் ஒவ்வொரு நாளும் மீன் அவர் வழியாகத்தான் விலைபோகவேண்டும். ஏலத் தொகையில் அவருடைய கழிவு போகும். முதல் அப்படியே நிற்கும். இந்தக் கடன் அடைபடுவதற்கென்று கொடுக்கப்பட்டதல்ல, மீனை வரவழைத்துக்கொண்டே இருப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. வட்டி என்ற பெயர் இல்லாததால் எவ்வளவு போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேரளத்தில் மரியநாடு மீனவர்கள் ஏலத்தைத் தாங்களே நடத்தும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அங்கிருந்து வளர்ந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் கரைகளிலும் வேலை செய்தது. கடனும் விற்பனையும் சேமிப்பும் ஒரே சங்கத்தில் இருந்தால் ஏலக்காரரின் பிடி தளரும் என்பது அதன் கணக்கு. சரியான கணக்குதான். ஆனாலும் ஏலக்காரர் போய்விடவில்லை. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் வண்டிக்குப் பணம் தருபவர் அவர். இரண்டு மாதம் மீன்பாடு இல்லாவிட்டாலும் வாசலில் வந்து நிற்காதவர் அவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு நிவாரணம் வந்து சேருமுன் அரிசிக்குப் பணம் தேவைப்படுகிறது. சங்கத்துக்கு அலுவலக நேரம் உண்டு, அவருக்கு இல்லை. சுரண்டலும் ஆதரவும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கையை உதறச் சொல்வது வெளியிலிருப்பவருக்கு எளிது. அவரும் அடுத்த தெருக்காரர், பெரும்பாலும் உறவினர், ஊர்க்கூட்டத்துக்கு அடங்கியவர் என்பதையும் மறக்கக்கூடாது. அளவுக்கு மீறினால் நாலு பேர் கேட்கமுடியும்.

கேட்கமுடியாமல் போவது ஊர் கடந்த விவகாரங்களில். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000இல் தடைசெய்தது. புதுச்சேரிக்கு 2008இல் தனி மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கடலில் எல்லைக்கல் கிடையாது. காரைக்கால் படகு அரைமணியில் தமிழ்நாட்டுக் கடலில் இருக்கும். 2023 ஜனவரி 24இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள், காலை 8 மணி முதல் மாலை 6 மணிக்குள் என்ற நிபந்தனையோடு சுருக்குமடியை அனுமதித்தது. இந்த இழுபறியில் ஒரே சாதி, ஒரே கடற்கரை, ஒரே பெருமாளின் மாமனார் வீட்டார் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பெரிய வலை கட்டப் பல தலைக்கட்டுகள் பங்கு சேர்ந்து பணம் போடுகின்றன. பணம் போட்டவர்களே பஞ்சாயத்திலும் இருந்தால், 'ஊருக்குக் கேடா?' என்ற மூன்றாவது கேள்வியை யார் கேட்பது?

பாக் நீரிணையில் இன்னும் கடுமை. 2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவு அருகே காரைக்காலிலிருந்து போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் பிடிபட்டார்கள், இருவருக்குப் படுகாயம். மறுகரையில் வலையை நம் கரை இழுவைப்படகிடம் இழந்து நிற்பவரும் தமிழ் மீனவர்தாம், முப்பதாண்டுப் போரிலிருந்து இப்போதுதான் எழுந்து வருபவர். 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பாணியில் வளர்ந்த பேச்சு அது. வழக்கு உள்ளவர்கள் நேரில் உட்காரவேண்டும் என்ற எளிய விதி. அந்தப் பேச்சு நீடித்திருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். இழுவை மடியைக் கைவிடும் முடிவைக் கொழும்போ டெல்லியோ கட்டளையிடுவதைவிட, கரையே எடுத்தால்தான் அது கடலில் செல்லும்.

இனி துறைமுகம். காரைக்காலுக்குக் கப்பல் வணிகம் புதிதல்ல. மரைக்காயர் வணிகர்களின் மரக்கலங்கள் நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கீழைக் கடலுக்குப் போயின. 1861இன் பிரிட்டன்-பிரான்ஸ் ஒப்பந்தத்துக்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் ஏற்றப்பட்ட தமிழர்களில் பலர் கடைசியாகப் பார்த்த சொந்த மண் இக்கரைதான். அன்றும் கணக்குக் கேட்க முடியாத தூரத்தில் முதலாளி இருந்தார்.

புதிய துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2006இல் புதுச்சேரி அரசுக்கும் சென்னையைச் சேர்ந்த மார்க் நிறுவனத்துக்கும் இடையே ஏற்பட்டது. 2009இல் கப்பல்கள் வரத் தொடங்கின. நிலக்கரி முதன்மைச் சரக்கு. கடன் சுமையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய், 2023இல் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டது. கப்பல் நிற்க ஐந்து தளங்கள், ஆண்டுக்கு 2.15 கோடி டன் கையாளும் திறன். திருமலைராயன்பட்டினத்திலேயே 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம், நிரவியில் ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகை அலுவலகம் என்று ஏற்கெனவே பெருந்தொழில் கண்ட வட்டாரம்தான் இது. வேலை வாய்ப்பு, ரயில் பாதை, வரி வருமானம் எல்லாம் உண்மையான நன்மைகள். நிலக்கரித் தூசி குறித்து நாகூர், வாஞ்சூர்ப் பக்கத்து மக்கள் மீண்டும் மீண்டும் தெருவுக்கு வந்ததும் உண்மை.

அலைதடுப்புச் சுவர் எங்கே எழுந்தாலும் மணல் தன் கணக்கைத் தீர்க்கும். கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் அரிபட்டதும் இந்த விதியால்தான். புதுச்சேரி நகரின் கடற்கரை 1980களில் கட்டப்பட்ட துறைமுகச் சுவருக்குப் பின் கற்குவியலானதும் அதனால்தான். காரைக்கால் கரையில் கடல் அரிப்புக்குக் கருங்கல் தடுப்புக் கேட்டு மனுக் கொடுப்பது இன்று பஞ்சாயத்தாரின் வாடிக்கையான வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தடுப்புச் சுவர் கட்டினால் அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு அரிப்பு நகரும். ஆக மணலைப் பற்றிய முடிவு எதுவும் ஓர் ஊரின் முடிவாக இருக்கமுடியாது. பதினோரு ஊரும் துறைமுகமும் அரசும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். அந்தப் பாய் எங்கும் விரிக்கப்படவில்லை.

இதே கரையில் வடக்கே பழவேற்காடு இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடல்போல எல்லையற்றதல்ல ஏரி. நல்ல வலையிடம் இத்தனைதான் என்று எண்ணிவிடலாம். அதனால் அங்கே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் 'பாடு' என்ற முறையை வளர்த்தார்கள். இறால் கிடைக்கும் இடங்களைத் தலைக்கட்டுகள் முறைவைத்து மாறி மாறிப் பெறுகின்றன. இன்று எனக்கு நல்ல இடம், நாளை உனக்கு. உழைப்புக்கும் பாடு, துன்பத்துக்கும் பாடு, மீன் வரத்துக்கும் மீன்பாடு என்று சொல்லும் மொழி, பங்கீட்டுக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறது. அந்த ஏரியின் தெற்கு விளிம்பில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் வாங்கியதும் அதானி குழுமம்தான். 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறார்கள். ஏரிக்கரைத் தலைக்கட்டுக்கும் பட்டினச்சேரித் தலைக்கட்டுக்கும் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே. அவர் இருப்பது அகமதாபாத்தில்.

அந்த நிறுவனத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சட்டப்படி தகுதி உள்ளது கொம்யூன் பஞ்சாயத்து. தீர்மானம் போடலாம், வரி கேட்கலாம், பொதுக் கேட்பில் ஊர் சார்பில் பதிவுசெய்யலாம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஆள்பலம் உண்டு, அந்தத் தகுதி இல்லை. கொம்யூனுக்குத் தகுதி உண்டு, தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட ஆள் இல்லை. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று விதி எழுதியிருப்பதும் கொம்யூனில்தான். 2006இல் அந்த ஒதுக்கீட்டில் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஐந்தாண்டில் கதவு மூடியது. கோயில் மண்டபத்தில் இடமில்லாத மீன்காரி உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரே நாற்காலி அது. 2011 முதல் காலியாக இருக்கிறது.